மூன்று தண்ணீர்

அடுப்பு ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. அதை யாரும் பார்க்கவில்லை. காற்று இப்படிச் சுற்றிச் சுற்றி அடிக்கிற இடத்தில் ஒரே குச்சியில் அடுப்பைப் பற்றவைப்பது லேசான காரியம் இல்லை, ஆனால் நான் சரியாகச் செய்கிற காரியங்களை யாரும் பார்ப்பதில்லை, அது என் ராசி, கைதவறி ஒரு கரண்டி கீழே விழுந்தால் மட்டும் ஊரே திரும்பிப் பார்க்கும். இதை அடுப்படி என்று சொல்லவே வாய் வரவில்லை. தோணியின் பின்தட்டில் பீரோவைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு மரக்கூண்டு, குனிந்துதான் நுழைய வேண்டும், உள்ளே ஒரு கேஸ் அடுப்பு, அதன் கால்களைக் கம்பி போட்டுப் பலகையோடு முறுக்கியிருக்கிறார்கள், சட்டி நழுவாமல் இருக்கச் சுற்றிலும் இரும்புச் சட்டம். கட்டிப்போட்ட அடுப்பை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் அடுப்பு எங்கேயாவது போய்விடும் என்று நான் நினைத்ததே இல்லை. அடுப்பு போகாது, ஆள்தான் போவான். காலையில் பலகை வழியாக நான் ஏறி வந்ததும் சந்தியாகு தண்டல் சொன்னது இவ்வளவுதான்: “மத்தியானச் சோறு நீரு ஆக்கும் வே. தின்னுட்டு நான் ஒரு வார்த்தை சொல்லுதேன். நீரும் அதுக்குள்ள ஒரு வார்த்தை யோசிச்சு வையும். சாயங்காலம் கயித்த அவுத்துருவோம்.” தண்டல் என்றால் தோணியை நடத்திக்கொண்டு போகிறவர், அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. மாலத்தீவுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போகிற தோணி. இதில் சமைத்துக்கொண்டிருந்த பண்டாரி கண் ஆபரேஷன் செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சமையல்காரரை இவர்கள் பண்டாரி என்கிறார்கள். இத்தனை வருஷம் நான் ஆக்கிப்போட்ட மெஸ்ஸில் எனக்குப் பெயர் சரக்கு மாஸ்டர். வெயிலுமுத்து மாஸ்டர் என்றால் தூத்துக்குடியில் பாதிப் பேருக்காவது தெரியும், இல்லை, தெரியும் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தண்டலே என் மீன்குழம்புக்காக மெஸ்ஸுக்கு வந்தவர்தான், இலையை மடிக்கும்போதெல்லாம் எங்க தோணிக்கு வந்துரும் வே என்று சிரிப்பார், நானும் சிரிப்பேன். விளையாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் போன வாரம் நானே போய் நின்றபோது அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

அரிசி. முதலில் அரிசி. எட்டுப் பேர் சாப்பிட வேண்டும், கடல் வேலைக்காரர்கள், வயிறு பெரிசாக இருக்கும், கூட ஒரு படி போடலாம். “தண்ணி நீல டிரம்முல இருக்கு அண்ணாச்சி” என்று கித்தேரியான் சொன்னான். தோணி ஆட்களில் ஒருவன், கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறான், நாற்பது வயதிருக்கும், வேலை ஒன்றும் இல்லை போல, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்க்கட்டும். டிரம்மைத் திறந்து வாளியில் மொண்டு முதல் தண்ணீர் ஊற்றினேன், பால் மாதிரி வெளுத்து வந்தது, அதைச் சாய்த்தேன். தோணியின் ஓரத்தில் போய்க் கீழே விழுந்தது. கீழே தண்ணீர் கறுப்பாக இருக்கிறது, மேலே டீசல் மிதந்து மயில்கழுத்து மாதிரி நிறம் மாறிக்கொண்டிருக்கிறது, ஒற்றைச் செருப்பு ஒன்று, வெங்காயச் சருகு, ஒரு தண்ணீர்ப் பாட்டில். இதையா கடல் என்கிறார்கள், ஊர்ச் சாக்கடை மாதிரி இருக்கிறது. இரண்டாவது தண்ணீர். அரிசிக்கு மூன்று தண்ணீர், அது என் சட்டம், மூன்றாவது தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்து விழ வேண்டும், அப்போதுதான் சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும். மெஸ்ஸுக்கு யார் புதிதாக வேலைக்கு வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். தங்கமாரி வந்த புதிதில் ஒரே தண்ணீரில், அதுவும் நாலு கை அள்ளித் தெளித்து, அலசிவிட்டு அரிசியை உலையில் போடப் போனான். பின்கழுத்தில், பொடதியில், ஒன்று வைத்தேன். “தண்ணிய என்ன உங்கப்பனாடே விலைக்கு வாங்கி ஊத்துதாரு?” எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அவன் என் பெண்டாட்டியின் தம்பி, அடிக்கிற உரிமை உண்டு. நான்தான் அவனை மெஸ்ஸில் சேர்த்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு சீசன் தோணியில் பண்டாரிக்குக் கையாளாகப் போய், வாந்தி எடுத்தே பாதியாக இளைத்து, இனிமேல் கடல் பக்கமே போகமாட்டேன் என்று அக்காள் மடியில் படுத்து அழுதவன். அவன் முடியாது என்று ஓடி வந்த இடத்தில்தான் இப்போது நான் நிற்கிறேன். நிற்பேன். மூன்றாவது தண்ணீர் தெளிவாக விழுந்தது. சட்டைப்பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தால் அவன் பெயர்தான். தங்கமாரி. இப்போது எதற்கு? நடுங்கட்டும். திரும்பப் பைக்குள் போட்டேன், நெஞ்சுக்கு மேலேயே அது ஒரு வண்டு மாதிரி துடித்துத் துடித்து ஓய்ந்தது.

எதற்கு என்று எனக்குத் தெரியும். அவனால் முடியவில்லை. மெஸ்காரர்கள் திறந்த புதுக்கடையில் கல்யாண ஆர்டர் எதையாவது ஒத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பான், அத்தான் வந்தால் தேவலை என்று இருக்கும், சின்ன முதலாளியே பக்கத்தில் நின்று கூப்பிடச் சொல்லியிருப்பான். கூப்பிடட்டும். புளியைக் கரைத்துக்கொண்டே அவர்கள் என்னென்ன சொல்வார்கள், நான் என்னென்ன சொல்வேன் என்று ஓட்டிப்பார்த்தேன், இந்தப் படத்தை ஆடி மாசம் முழுக்க ஓட்டிப்பார்த்தாகிவிட்டது, ஆவணியும் வந்துவிட்டது, யாரும் வரவில்லை. அந்தத் திறப்பு விழாவுக்கு உளுந்தவடை போட்டவன் நான். ஏசி போட்ட புதுக்கடை, வாசலில் வாழை, ரிப்பன், ஒலிபெருக்கி. உள்ளே எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன முதலாளி பேசினான். நம் மெஸ்ஸின் ருசிக்குக் காரணமான கை, அப்பா காலத்திலிருந்து நம் குடும்பத்தில் ஒருவர், அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தப்போகிறோம் என்றான். நான் அடுப்பைச் சிம்மில் வைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தேன், விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மாவைக்கூடத் துடைத்தேன். வெளியே வந்து இரண்டு எட்டு வைத்துவிட்டேன். அப்போதுதான் பெயரைச் சொன்னான். தங்கமாரி. அந்த இரண்டு எட்டு. அதை எப்படித் திரும்ப எடுப்பது? பின்னால் போனால் பார்ப்பார்கள், முன்னால் போகவும் முடியாது, அப்படியே திரும்பி, நாற்காலியைச் சரிசெய்ய வந்தவன் மாதிரி ஒரு நாற்காலியைப் பிடித்து நகர்த்தினேன். யாரோ ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்திருந்த நாற்காலி. “என்னப்பா?” என்றாள். ஒன்றுமில்லை அம்மா என்றேன். பிறகு யாரோ கேட்டதற்குச் சின்ன முதலாளி சொன்னானாம், அண்ணாச்சிக்கு வயசாயிட்டு, அவர் பழைய கடையிலயே இருக்கட்டும், புதுக்கடைக்கு ஒரு முகம் வேணும்லா என்று. முகம். சட்டிக்குள் எட்டிப் பார்க்கிறவனுக்கு முகம் எதற்கு? நான் அந்த வாரமே நின்றுவிட்டேன். வீட்டில் செண்பகவல்லி, கட்டிக்கொண்ட பெண்டாட்டி, சொன்னாள்: “அவனுக்குப் போட்டா என்ன, உங்களுக்குப் போட்டா என்ன, ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தான வருது.” அந்த ஒரு வார்த்தையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். நான் எதையும் மறப்பதில்லை. என் மனசு ஊறுகாய் ஜாடி என்று அவளே சொல்வாள், எதைப் போட்டாலும் கெட்டுப்போகாது, நாளாக நாளாகக் காரம்தான் ஏறும்.

சோறு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. சட்டிக்குள் தண்ணீர் மட்டம் சாய்ந்திருக்கிறது. தோணி கட்டித்தான் கிடக்கிறது, இரண்டு பக்கமும் கை தடிமனில் கயிறு, ஆனாலும் எங்கேயோ ஒரு படகு போனால் இங்கே லேசாக ஒரு தூக்குத் தூக்குகிறது, உடனே சட்டித் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. விரல் கணுவை வைத்துத் தண்ணீர் அளப்பவன் நான். எந்தப் பக்கத்தில் விரலை வைப்பது? கட்டிக்கிடக்கும்போதே இப்படி என்றால் நடுக்கடலில் என்ன ஆகும்? எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காடு, கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் எனக்கு. ஆனால் முங்கிச் சாவதை நான் அவ்வளவாக நினைக்கவில்லை, அது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். நான் பயப்படுவது வேறு. எந்தச் சமையலறையிலும் நான் பின்வாசல் தெரிகிற மாதிரிதான் நிற்பேன். கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தோன்றும், அந்த வாசலைப் பார்ப்பேன், வெளியே சந்தில் ஒரு பூனை படுத்திருக்கும், சரி, இந்த வடையை எடுத்துவிட்டுப் போவோம் என்று தோன்றும், அப்படியே சாயங்காலம் ஆகிவிடும். அந்த வாசல் இருந்ததால்தான் இத்தனை வருஷம் உள்ளே நின்றேன். இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் வாசல்தான், எதிலும் போக முடியாது. கரையில் கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு டீ குடிக்கலாம். இங்கே கோபித்துக்கொண்டு எங்கே போவது, தோணியின் மூக்குப்பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரலாம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பசித்தால் திரும்ப வர வேண்டியதுதான், சமைப்பதும் நான்தான். “அண்ணாச்சிக்கு தலை சுத்துதோ?” என்று கித்தேரியான் கேட்டான். புகை என்றேன். கேஸ் அடுப்பில் என்ன புகை என்று அவன் கேட்கவில்லை. இவர்கள் கேட்காமல் இருப்பதே ஒரு கேலி மாதிரி இருக்கிறது.

செண்பகவல்லியாவது தடுத்திருக்கலாம். தோணிக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், காம்பை ஒடித்துப் போட்டுக்கொண்டே, “போறதுன்னா போயிட்டு வாங்க. வீட்டுல இருந்து செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கதுக்கு அது தேவல” என்றாள். இவ்வளவுதானா? சுகர் இருக்கிற மனுஷன், முழங்கால் வலிக்கிற மனுஷன், பீச்சுக்குப் போனால்கூடச் செருப்பைக் கழற்றாத மனுஷன் கடலுக்குப் போகிறேன் என்கிறான், கீரையைக் கீழே வைக்கக்கூட உனக்குத் தோன்றவில்லையே. அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், போயே தீருவேன் என்று சொல்லியிருப்பேன், ராத்திரி படுத்த பிறகு போகாமல் இருந்திருப்பேன். நான் பேசும்போது எதிரில் ஒரு ஆள் தள்ள வேண்டும், தள்ளினால்தான் நான் நிற்க முடியும். அவள் தள்ளவில்லை, நான் போய்க்கொண்டே இருக்கிறேன். காலையில் பையைக்கூட அவள்தான் கட்டிக் கொடுத்தாள். மாத்திரை மேல இருக்கு என்றாள். சோறு பொங்கி வந்தது, மூடியைத் தூக்கத் துணி வேண்டும், இந்தக் கூண்டுக்குள் ஒரு பிடிதுணி இல்லை, அந்தப் பண்டாரி வெறும் கையாலேயே தூக்குவார் போல. பையை இழுத்துத் திறந்து பழைய துண்டு எதையாவது தேடிக் கையை விட்டேன். வேட்டி, சட்டை, மாத்திரை டப்பா, அடியில் வழவழ என்று ஒன்று. இழுத்தேன். மாம்பழ நிறத்தில் ஒரு மூலை வெளியே வந்தது, ஓரத்தில் ஜரிகை. எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது, அதே சால்வை. அன்றைக்கு மேடையில் அவன் தோளில் விழுந்து, கைதட்டலுக்கு நடுவே நழுவப் பார்த்து, அவன் தாடையால் அமுக்கிப் பிடித்துக்கொண்ட அதே சால்வை. என் பைக்குள், என் வேட்டிக்குக் கீழே. சோறு வழிந்து அடுப்பில் கொட்டிச் சுர்ர் என்றது, கித்தேரியான் எழுந்தே விட்டான், நான் வெறும் கையால் மூடியைத் தூக்கிப் போட்டேன், இரண்டு விரல் வெந்துவிட்டது.

விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எப்போது கொடுத்தான்? அன்றைக்கு ராத்திரியே கொண்டுவந்து அக்காளிடம் கொடுத்திருக்க வேண்டும், அத்தானுக்குத்தான் என்று சொல்லியிருப்பான், அவளும் நான் பார்த்தால் தெருவில் எறிவேன் என்று பீரோவுக்குள் மடித்து வைத்திருக்கிறாள். ஆடி முழுக்க அது என் வீட்டில், நான் படுக்கிற அறையில், என் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கடலில் குளிரும் என்று இப்போது பைக்குள் வைத்துவிட்டாள், அவளுக்கு அது ஒரு போர்வை, அவ்வளவுதான். கண்ணில் ஏதோ கரித்தது, மிளகாய்த்தூள் கொட்டிய கை. குழம்பு கூடிக்கொண்டிருந்தது. ஊளி மீன், கனமான துண்டுகள், காலையில்தான் யாரோ கொண்டுவந்து போட்டார்கள், தேங்காய் அரைக்க வழியில்லை, சின்ன வெங்காயத்தையும் சீரகத்தையும் நசுக்கிப்போட்டுப் புளியைக் கொஞ்சம் முன்னால் விட்டேன். இந்த மணம் வந்ததும் மேல்தட்டில் பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. அது ஒன்றைத்தான் இன்று வரை யாரும் எனக்குக் கொடுக்காமல் இருந்ததில்லை, பேச்சு நிற்பது. போன் மறுபடியும் துடித்தது. பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். சாயங்காலம் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் அவன் நேரிலேயே வருவான், கரையில் நின்று, “அத்தான் எறங்கிருங்க, நீங்க இல்லாம ஓடாது” என்று கத்துவான், நான் கேட்காத மாதிரி இந்தப் பக்கம் திரும்பி நிற்பேன், தண்டல் பார்த்து, என்ன வே உம்மத் தேடி ஆளு வந்திருக்கு என்பார். அப்போது இறங்கலாம். இறங்கும்போது அவசரப்படக் கூடாது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டுகளுக்கு நடுவே சட்டியை வைத்துச் சுற்றி உட்கார்ந்து, யாரும் பேசாமல், சோற்றைப் பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் தள்ளி நின்றேன். ஒருவன் மறுசோறு கேட்டான், இன்னொருவன் குழம்புக் கரண்டியை அவனிடமிருந்து பிடுங்கினான். தண்டல் தலையைத் தூக்கவே இல்லை. கடைசி உருண்டையை வழித்துப் போட்டுக்கொண்டு, கையை நக்கிவிட்டு, “கொழம்பப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் வே. சொன்னா கொறஞ்சிரும்” என்றார். பிறகு அவர் எழுந்து போய் நீல டிரம்மை விரல் முட்டியால் தட்டினார். மேலே தட்டினார், ஒரு சாண் கீழே தட்டினார், அங்கேயும் வெறும் சத்தம்தான் வந்தது. “கித்தேரி, காலைல இது கழுத்துவரைக்கும் இருந்துச்சுல்லா?” “இருந்துச்சு தண்டல்.” “அரிசிய எத்தன தண்ணி விட்டுக் கழுவுனீரு வே?” மூன்று தண்ணீர் என்றேன், எப்போதும் சொல்கிற மாதிரி, நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். ஒரு நொடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு. ஒருவனுக்குப் புரையேறியது. “மாப்பிள்ளை விருந்துல்லா வச்சிருக்காரு!” “நாளைக்கு நம்மளயும் பன்னீர்ல குளிப்பாட்டிருவாரு அண்ணாச்சி!” தண்டல் சிரிக்கவில்லை. “இதுதான் வே குடிக்க, இதுதான் ஆக்க, போய்ச் சேர்ற வரைக்கும் இதுதான். வழில எஞ்சின் நின்னுபோனாலும் இதுதான். நாங்க அரிசியக் கடல் தண்ணில அலசிட்டு, கடைசியா ஒரு செம்பு நல்ல தண்ணி காட்டுவோம், முடிஞ்சு. உப்புகூடப் போட வேண்டாம்.” நான் கித்தேரியானைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்று தண்ணீரையும் பார்த்தவன். “ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” “நீங்க கேக்கலயே அண்ணாச்சி. மெஸ் மாஸ்டருக்கு நான் என்னத்தச் சொல்ல” என்று வெற்றிலையை ஒதுக்கினான். இவனையும் மறக்கமாட்டேன். அப்போதுதான் அந்த ஒரே தண்ணீர், நாலு கை தண்ணீர், தங்கமாரியின் பொடதி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஓ, அது இதுதானா. ஏன்டே அன்றைக்கே சொல்லவில்லை? நீயும் சிரித்தாயே.

போன் துடித்தது. “காலைலருந்து அதுவும் கெடந்து கத்துது, எடும் வே” என்றார் தண்டல். எல்லோரும் பார்க்கிறார்கள், எடுக்காமல் இருக்க முடியவில்லை. “அத்தான்” என்றான். பின்னால் மெஸ்ஸின் சத்தம், தட்டு, யாரோ பார்சல் கேட்கிறார்கள். “அத்தான், மூணு வட்டம் போன் அடிச்சிட்டேன். அக்கா சொன்னா. நீங்க இன்னைக்கு ஏறுதீங்கன்னு.” சொல்லுடே, இறங்கிருங்க என்று சொல். “ஒண்ணுமில்ல, ஒரு விஷயம் சொல்லணும்னுதான் அடிச்சேன். அங்க போயி அரிசிக்கு மூணு தண்ணி ஊத்திராதீங்க அத்தான். டிரம் தண்ணிய அவங்க உசுரு மாதிரி பாப்பாங்க. நான் மொத நாளே தண்டல்கிட்ட அடி வாங்கியிருக்கேன்.” இவ்வளவுதானா? இதற்கா? என் காதுக்குள் சூடாக ஏதோ ஏறியது. பக்கத்தில் எட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். “அது தெரியும்டே” என்றேன். “கடல் தண்ணிலதான் கழுவுனேன். ஒரு செம்பு நல்ல தண்ணி காட்டுனேன். முடிஞ்சு.” அந்தப் பக்கம் பேச்சு இல்லை. பார்சல் கேட்டவன் குரல்தான் கேட்டது. எனக்கு ஏன் என்று புரியவில்லை. அப்புறம் அவன் மெதுவாக, “நல்லது அத்தான். நல்ல வேலை செஞ்சீங்க” என்றான். “வாந்தி வந்தா வெறும் வயித்தோட இருக்காதீங்க, அவிச்ச கெழங்கு தின்னுங்க. சால்வைய அக்கா வச்சாளா?” “எந்தச் சால்வை?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

திரும்பினால் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னமோ போல் இருந்தது. தண்டல் ஓரத்தில் கிடந்த வாளியையும் கீழே இருந்த கறுப்புத் தண்ணீரையும் பார்த்தார். “யாரு வே அது?” மச்சினன் என்றேன், ஒரு காலத்தில் தோணிக்குப் போனவன் என்றேன். “தோணிக்குப் போனவனா” என்று தாடையைத் தடவினார். “வெளிக்கடல்லதான் வே கடல் தண்ணி. தொறமொகத்துக்குள்ள எவனும் வாளிய எறக்கமாட்டான், டீசல்ல பொங்குன சோறாயிரும். தோணில ஒரு நாள் நின்னவனுக்குக்கூடத் தெரியும்.” நான் கீழே பார்த்தேன். அந்த ஒற்றைச் செருப்பு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது எதற்கென்று இப்போது புரிந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது, நான் பொய் சொல்கிறேன் என்றும் தெரிந்துவிட்டது, மூன்று தண்ணீரையும் ஊற்றி முடித்துவிட்டேன் என்றும் தெரிந்துவிட்டது. ஒரு சிரிப்பு சிரித்திருக்கலாம், பாவி. அத்தான், ஹார்பர் தண்ணிலயா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டியிருப்பேன், திட்டிக்கொண்டே பலகையில் இறங்கிப் போயிருப்பேன், வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். நல்ல வேலை செஞ்சீங்க என்று சொல்லிவிட்டான். இப்போது இறங்கினால் சாயங்காலம் அவன் வீட்டுக்கு வருவான், கையில் எதையாவது பொட்டலம் கட்டிக்கொண்டு வருவான், என் எதிரில் உட்கார்வான், அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டான். நாளைக்கும் கேட்கமாட்டான். என்னைச் சாகும் வரைக்கும் கேட்காமலே வைத்திருப்பான். அந்த இரண்டு எட்டையும் அன்றைக்கு அவன் மேடையிலிருந்து பார்த்திருப்பான், அதையும்தான் இதுவரைக்கும் கேட்டதில்லை. தண்டல் துண்டால் வாயைத் துடைத்தார். “கை நல்ல கை. தண்ணி போகப்போகப் படிஞ்சிரும். நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன், நீரு சொல்லும்.” பலகை இன்னும் போட்டபடிதான் இருந்தது, நாலு எட்டு வைத்தால் கரை, கரையில் ஒரு லாரி, லாரிக்குக் கீழே ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். “வாரேன்” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், ஆனாலும் தண்டல் என்ன வே என்று இன்னொரு தடவை கேட்டார், இரண்டாம் தடவை வாயால் சொல்லாமல் தலையை ஆட்டினேன்.

வெயில் இறங்கியதும் கயிற்றை அவிழ்த்தார்கள். நான் கரையைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, பார்த்தேன், யாரும் வரவில்லை, பலகையை உள்ளே இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டதும் கூண்டுக்குள் நுழைந்துகொண்டேன். மிச்சக் குழம்பு ராத்திரிக்குக் கெட்டுப்போகாமல் இருக்கச் சுண்டவைக்க வேண்டும். எஞ்சின் உறுமியது, பலகையெல்லாம் நடுங்கியது, அடுப்புக்கூடக் கட்டிய கம்பியை இழுத்துப் பார்த்தது. ஏதோ சுவர் மாதிரி ஒன்றைத் தாண்டினோம், அந்தப் பக்கம் காற்று வேறு மாதிரி இருந்தது, அடுத்த நிமிஷம் என் காலுக்குக் கீழே இருந்து எல்லாம் உயர்ந்து, அப்படியே ஒரு பக்கமாக இறங்கியது. குழம்புச் சட்டி சட்டத்துக்குள்ளேயே துள்ளிச் சாய்ந்தது. கையில் அகப்பட்டதை இழுத்துப் போட்டு இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்தேன், பிடித்த பிறகுதான் பார்த்தேன், மாம்பழ நிறம், சால்வை. ஜரிகை சூட்டில் பொசுங்கி முடி கருகுகிற மாதிரி நாறியது, வெந்த இரண்டு விரலும் திகுதிகு என்று எரிந்தன, விட்டால் குழம்பு முழுக்க என் மேல்தான். “பிடிச்சுக்கிடும் வே!” என்று மேலே யாரோ கத்தினார்கள். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்போது சட்டைப்பையில் போன் துடித்தது. அவனோ, அவளோ, இல்லை யாரோ. நெஞ்சுக்கு மேலேயே துடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். தோணி மறுபடியும் ஏறியது. இரண்டு கையும் சட்டியில் இருந்தன. துடித்தது, துடித்தது, பாதியிலேயே நின்றுபோனது.